ஏழாம் வரிசை, இருவர் பக்கம்

லுசாகா, பிப்ரவரி 4

அன்புள்ள மவாங்கலா அக்காவுக்கு,

இதை எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் கடையில் தலை பின்னிக்கொள்ள உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன். இங்கிருந்தே இரு கைகளையும் குவித்துத் தட்டி உனக்கு மரியாதை சொல்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இடக்கண் எப்படி இருக்கிறது? வலக்கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இதையாவது பார்த்துக்கொள். சொட்டு மருந்தை விடாதே.

இங்கே சிலெஞ்சே என்ற பகுதியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். இணையப் பக்கங்கள் கட்டித் தருவதுதான் வேலை. வெள்ளை நாரை பஸ் கம்பெனி தன் பயணச்சீட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறது. அதில் இருக்கை தேர்ந்தெடுக்கும் பகுதி மட்டும் என் பொறுப்பு. மோங்குவிலிருந்து நீ ஏறும் அதே பஸ்தான். பழைய பக்கத்தில் உனக்கு எது கஷ்டமாக இருந்தது என்று எழுது. கலபோவில் மாமா வீட்டில் இருக்கும் அம்மா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால், பஸ்ஸில் ஆட்களை உட்காரவைக்கிறாள் என்று சொல்லிவிடு.

உன் தங்கை,
நசிலேலே


மோங்கு, பிப்ரவரி 11

அடி சிலே,

நானும் தட்டிட்டேன், கேட்டுச்சா? கையெல்லாம் எண்ணெய்டி, அதான் போன்ல பேசியே எழுதுறேன். நான் ஒண்ணு சொன்னா இது ஒண்ணு எழுதும், பொறுத்துக்க. உடம்பு நல்லா இருக்கு. கண்ணு இருக்கு. சமவெளியில தண்ணி ஏறிடுச்சு. துறைமுகத்துப் பக்கம் படகுச் சத்தம் கடை வரைக்கும் கேக்குது.

சந்தைப் பொண்ணுங்ககிட்ட உன்னப் பத்திச் சொன்னேன். ஒருத்தி கேக்குறா, "பக்கம் கட்டுறாளா? செங்கல்லா, மண்ணா?" நான் சொன்னேன், "உன் வாய மாதிரி காத்துலயே கட்டுறா." தலைய ஒரு இழு இழுத்தேன், அதோட அடங்கிட்டா.

பழைய பக்கத்துல எழுத்து எறும்பு மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் பெருசா இருந்தாப் போதும். வேற ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடுறியா? உக்காந்து பேச ஆளு இருக்கா?

அக்கா


லுசாகா, மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

கைதட்டல் கேட்டது. இங்கே மழை நிற்கவில்லை. மற்றபடி சுகம். நண்பர்கள் இருக்கிறார்கள், கவலைப்படாதே.

பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருக்கைகளை வண்ணக் கட்டங்களாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பச்சை காலி, சிவப்பு நிரம்பியது, அவ்வளவுதான். வேறு அடையாளம் இல்லை. எழுதிய முறையில் அது பொத்தான் என்று அந்தக் கட்டத்துக்கே தெரியாது. நம் ஊரில் வேலிக்கு வெளியே நின்று கைதட்டாமல் யாரும் அடுத்தவர் முற்றத்தில் கால் வைப்பதில்லை. இந்தக் கட்டங்கள் தட்டாமல் வந்து நிற்கிற ஆட்கள் மாதிரி. யார் என்று கேட்டால் பதிலும் சொல்லாது.

அதனால் ஒவ்வோர் இருக்கையையும் உண்மையான தேர்வுப் பொத்தானாக எழுதி, பக்கத்திலேயே பெயரும் கொடுக்கிறேன். எழுத்தை உனக்காகப் பெரிதாக்கிவிட்டேன். நிறத்தையும் அழுத்தமாக்கினேன். சின்னப் போனில், பஸ்ஸில் மூவர் உட்காரும் பக்கத்து இருக்கைகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. அகலம் குறைந்தால் தானே சுருங்கி அடங்கும்படி இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்து மேசை சோல்வே டோங்கா இனத்துக்காரன். நான் கூட்டத்துக்குள் நுழையும்போது பழக்கத்தில் மெல்லக் கைதட்டிவிட்டேன். "வந்துட்டாங்கப்பா லோசி ராஜகுமாரி! வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே மன்னிப்பு கேப்பாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டோங்கா இனமும் நம் லோசி இனமும் காலங்காலமாகக் கேலி பேசிக்கொள்ளும் முறைதானே, நானும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். "மாட்டுக்கிட்டப் பேசிப் பழகினவனுக்கு மரியாதை எப்படித் தெரியும்?" என்ற பதில் வீட்டுக்கு வந்து களி கிண்டும்போதுதான் வந்தது. சட்டியிடம் சொன்னேன்.

உனக்கு எந்த இருக்கை பிடிக்கும்? நவம்பரில் காய்ச்சலால் நீ பட்டமளிப்புக்கு வர முடியவில்லை, அதனால்தான் அந்தப் புகைப்படத்தை அனுப்பினேன். அங்கியில் எப்படி இருக்கிறேன் என்று நீ சொல்லவே இல்லை.

நசிலேலே


மோங்கு, மார்ச் 9

சிலே கண்ணு,

அழகா இருந்தே. அம்மாவ உரிச்சு வச்ச மாதிரி.

எனக்கு இருவர் பக்கம்தான். மூவர் பக்கத்துல நடுவுல மாட்டினா செத்தேன். ஒரு பக்கம் கோழிக் கூடை, ஒரு பக்கம் தூங்கி விழுற ஆளு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போதகர் ஏறி ஜெபம் பண்ணுவாரே, அவர் நம்ம தலைக்கு மேலயே நின்னு கத்துவாரு. இருவர் பக்கம்னா ஒரே ஒரு அந்நியர்தான், சமாளிக்கலாம். நடுவுல எங்கயாச்சும், ஏழாவது வரிசை மாதிரி. சக்கரத்து மேலயும் வராது, கடைசிக் குலுக்கலும் இல்ல. நடைபாதை ஓரம் போதும். சன்னல்ல எனக்கு என்னடி இருக்கு, தூசிதான். காட்டு வழியில யானை வந்தா மத்தவங்க கத்துவாங்க, தெரிஞ்சுக்கலாம்.

உடம்பப் பாத்துக்க. சட்டிகூடவே பேசிட்டு இருக்காத, அதுவும் ஒருநாள் திருப்பிப் பேசும்.

அக்கா


லுசாகா, ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம். சட்டி இன்னும் வாய் திறக்கவில்லை.

இத்துடன் ஒரு முகவரி வருகிறது. அதைத் தொட்டால் என் பக்கம் திறக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே முதலில் பார்ப்பவள் நீதான். பெயரை எழுதி, ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்து, உறுதி செய் என்பதை அழுத்து. இது சோதனைதான் என்றாலும் இருக்கை பிடிபட்டு நிற்கும். அடுத்து சோதிப்பவருக்கு இடம் வேண்டும், அதனால் கடைசியில் மறக்காமல் ரத்து செய்துவிடு.

காலி இருக்கைகள் பச்சை, நம் சமவெளியில் தண்ணீர் வடிந்தபின் வரும் புல்லின் பச்சை. நிரம்பியவை சிவப்பு, அவற்றின் மேல் குறுக்குக் கோடும் உண்டு. உன் விரல் எந்த இருக்கையில் நிற்கிறதோ அதைச் சுற்றித் தடித்த நீலக் கோடு வரும். நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மட்டும் சொல். அதற்குத்தான் அதிக நாள் செலவழித்தேன்.

நசிலேலே


மோங்கு, ஏப்ரல் 8

சிலே! சிலே!

புடிச்சிட்டேன்டி! நானே புடிச்சேன், யார் கையிலயும் போனக் குடுக்கல. ஏழாம் வரிசை, இருவர் பக்கம், நடைபாதை ஓரம், காலின்னு போன் சத்தமா சொல்லுது. பாதிச் சடையோட உக்காந்திருந்த பொண்ணு பயந்துட்டா. "என்னக்கா, எங்க போறீங்க?"ன்னா. "எங்கயும் போகலடி, உக்காந்து பாத்தேன்"ன்னேன். "நாற்காலிலதான உக்காந்திருக்கீங்க"ன்னு முழிக்கிறா.

பச்சை ரொம்ப நல்லா இருக்கு, கண்ணுக்குக் குளிர்ச்சியா. சிவப்பும் பளிச்சுன்னு தெரியுது. நீலக் கோடு அழகு. நல்லா பண்ணியிருக்க.

ரத்து பண்ணிட்டேன், பயப்படாத.

அக்கா


லுசாகா, மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். பகலில் பெரும்பாலும் மின்சாரம் இல்லை. மற்ற காரணங்களும் உண்டு. உடம்பு நலம்தான். நீ நன்றாகச் சாப்பிடு.

ஒரு தவறு நடந்துவிட்டது. இந்தப் பக்கங்களுக்கு இரண்டு பகுதிகள். என்ன இருக்கிறது, எந்த வரிசையில், எந்தப் பெயரில் என்பது ஒன்று. அதை வகிடு என்று வைத்துக்கொள். நிறம், அளவு, கோடு எல்லாம் இன்னொரு கோப்பில் இருக்கும். அது சடையில் கோக்கும் மணி. உனக்கு அனுப்பியபோது அந்த மணிக் கோப்பு இருக்கும் வழியைத் தவறாக எழுதிவிட்டேன். என் கணினிக்குள் மட்டும் செல்லும் வழி அது. அதனால் என் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

உன் கடிதம் வந்த மகிழ்ச்சியில் அதே முகவரியைச் சோல்வேயிடம் கொடுத்தேன். அவன் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சிலே, பச்சை பச்சைன்னு சொன்னே, எங்க பச்சை?" என்றான். வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. பட்டியலாக வரிசை வரிசையாக இருக்கைகளின் பெயர்கள். எங்குமே நிறம் இல்லை. உன் போனிலும் அப்படித்தான் வந்திருக்கும்.

இப்போது சரிசெய்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் மேலாளர் சிலுங்வே ஐயா என் அழுத்தமான எழுத்தெல்லாம் முரடாக இருக்கிறது என்று சொல்லி, வெளிர் சாம்பலில் ஒரு மாதிரி செய்யச் சொல்லியிருந்தார். நீலக் கோட்டையும் எடுக்கச் சொன்னார். "என்னம்மா இது, மாட்டுப் பட்டிக்கு வேலி கட்டின மாதிரி!" போன வாரம் மின்சாரம் போய் அறை இருண்டுவிட, கூட்டத்தை முற்றத்தில் நடத்தினோம். உச்சி வெயில். ஐயா தன் போனில் அந்தச் சாம்பல் மாதிரியைத் திறந்தார். கையால் நிழல் கட்டினார், தலைகீழாகத் திருப்பினார், தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தலைமேல் போர்த்திக்கொண்டார். "கோட்டுக்குள்ள பஸ் இருக்குதா ஐயா?" என்றான் சோல்வே. நான் என் போனை அவரிடம் நீட்டினேன். வெயிலிலும் என் இருக்கைகள் தெரிந்தன. பார்த்துவிட்டு, "வேலி இருக்கட்டும்" என்றார்.

இனி நிறத்தைப் பற்றி உன்னிடம் கேட்கமாட்டேன். போனின் குரல் வேகமாக இருக்கிறதா? இருக்கைகளைச் சொல்லும் வரிசை சரியா? எங்காவது பேசாமல் நின்றுவிடுகிறதா? இவற்றை மட்டும் எழுது.

நசிலேலே


மோங்கு, ஜூன் 16

சிலே,

தண்ணி வடிஞ்சிடுச்சு. குளிர் ஆரம்பிச்சாச்சு. நான் நல்லா இருக்கேன், நெசமா.

உன் கடிதத்தப் பல தடவை படிக்கவிட்டுக் கேட்டேன். போன்ல பேசுற அந்தப் பொண்ணு உன் பேரையே ஒழுங்கா சொல்லமாட்டா. "இனி நிறத்தைப் பற்றி உன்னிடம் கேட்கமாட்டேன்"னு அவ சொன்னப்ப மட்டும் உன் குரல் மாதிரியே இருந்துச்சு.

அக்டோபர்லயே போயிடுச்சுடி. ஒருநாள் காலைல விடியவே இல்ல. விரலுக்கு வகிடு தெரியும், கடை ஓடுது. பின்ன வந்தவங்க கண்ணாடி கேட்டா எடுத்துக் குடுக்குறேன். அவங்க "அழகா இருக்கு"ன்னாங்கன்னா நானும் "ஆமா"ங்குறேன். உன் அங்கிப் படத்துக்கும் அப்படித்தான் சொன்னேன். உன்கிட்ட சொல்லியிருந்தா கடைசிப் பரிட்சைய விட்டுட்டு வந்திருப்பே. வந்திருப்பியா இல்லையா, நீயே சொல்லு.

நவம்பர்ல காய்ச்சல் இல்ல. பஸ் நிலையத்துக்கு வந்தேன். புது உடுப்பு போட்டு, தலைல துணி கட்டி. இருக்கை புடிக்கலாம்னு அந்தப் பழைய பக்கத்தத் தொட்டா, "படம், படம், படம்"னே சொல்லுது. பக்கத்துல ஒரு ஆள்கிட்ட போனக் குடுத்தேன். நல்ல மனுசன்தான், புடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். பஸ் வந்ததும் நடத்துநர் பாத்துட்டு, "அம்மா, இது நாளைக்குச் சீட்டு. இன்னிக்கு நிரம்பிடுச்சு"ன்னான். பஸ் போற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். நாளைக்கு ஏறினா ராத்திரிதான் வந்து சேருவேன், நாளைக்குக் காலைலயே உனக்குப் பட்டம். அன்னிக்கே முடிவு பண்ணேன், நானே புடிக்க முடிஞ்சாத்தான் இனிமே பஸ்.

நீ கேட்டதுக்குப் பதில். குரல் சரி. வரிசை சரி. ஆனா "உறுதி செய்"ய அழுத்தினதும் ஊமையாயிடுது. கிடைச்சுதா இல்லையான்னே தெரியல. அன்னைக்கு நான் "புடிச்சிட்டேன்"னு குதிச்சது கூட ஒரு நம்பிக்கைலதான்.

கோபமா?

அக்கா


லுசாகா, ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. கைகளைக் குவித்துத் தட்டுகிறேன். குளிருக்குப் போர்த்திக்கொள்.

அன்று பட்டம் வாங்கியபின் நான் மண்டப வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பெண்களின் குடும்பங்கள் ஆடிக்கொண்டும் குலவையிட்டுக்கொண்டும் வந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போயின. வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வரும்வரை, உன் காய்ச்சல் எப்படி இருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அதற்கு முந்தின நாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாய்.

ஊமைத்தனத்தைச் சரிசெய்துவிட்டேன். உறுதிச் செய்தி பக்கத்தின் உச்சியில் எழுத்தாக மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போது வந்தவுடன் போன் அதை வாசிக்கும். "ஏழாம் வரிசை, இருவர் பக்கம், நடைபாதை ஓரம், உங்களுக்கு." நாளும் சேர்ந்து வரும். "இன்று" என்றால் "இன்று" என்றே சொல்லும்.

கூட்டத்தில் இதை நான்தான் சொன்னேன். ஏன் இது வேண்டும் என்று சிலுங்வே ஐயா கேட்டார். "என் அக்காவுக்கு" என்றேன். சோல்வே கேலி செய்யவில்லை. "செஞ்சிரலாம் ஐயா, நானும் கூட இருக்கேன்" என்றான்.

ஜூலையில் பக்கம் எல்லோருக்கும் திறக்கிறது.

நசிலேலே


மோங்கு, ஜூலை 20

சிலே கண்ணு,

சுகந்தான். ரேடியோல வெள்ளை நாரைக்குப் புதுப் பக்கம்னு சொன்னாங்க. சந்தை முழுக்கச் சொல்லிட்டேன், என் தங்கச்சி கட்டினதுன்னு. செங்கல்லான்னு கேட்டவ இப்ப அவ மாமியாருக்கு அதுலயே சீட்டு புடிச்சுட்டா. நானும் தொட்டுப் பாத்தேன், நல்லா பேசுது.

உனக்கு அங்க நிறைய சிநேகிதம், வேலை வேற. பாத்து இரு. நான் இங்க நல்லா இருக்கேன். ஒருத்தருக்குச் சுமையா வந்து உக்காரணும்னு எனக்கு ஆசையில்ல.

அக்கா


லுசாகா, ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கப்போவதில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாய். எனக்கும் அப்படித்தான் சொல்லத் தெரியும். ஒரே தாய் வளர்த்தவர்கள்தானே.

பக்கம் திறந்ததிலிருந்து அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எந்த இருக்கை யார் பெயரில் நிரம்புகிறது, எது மீண்டும் காலியாகிறது என்பதெல்லாம் என் திரையில் வரும். தினமும் காலையில் நான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், மோங்கு பஸ்ஸில் ஏழாம் வரிசை இருவர் பக்கத்து நடைபாதை ஓர இருக்கை சிவப்பாகிறது. பெயர் மவாங்கலா. நான் தேநீரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். சிறிது நேரம் சிவப்பாக இருக்கும். பிறகு பச்சையாகிவிடும். நேற்றும் நடந்தது. சோதனைக்குச் சொன்ன பழக்கம் உன்னை விடவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது, சுமை என்ற சொல்லோடு.

எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சோல்வே நல்லவன், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் அறைக்கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் என் குரலை மறுபடி கேட்கிறேன். களியும் மீனும் இருவருக்குச் செய்துவிடுகிறேன், அளவு கைக்கு வரவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மிச்சத்தை மறுநாள் சாப்பிடுகிறேன். என் தலையை நானே பின்னிக்கொள்கிறேன், பின்பக்கம் வகிடு கோணலாகப் போகிறது. மாடியில் இருக்கும் பெண் இங்கே பின்ன ஆளில்லை என்று புலம்புவாள். அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன். நீ வருவாயா என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். வாசலில் ஒரே ஒரு படி.

லுசாகா பஸ் நிலையம் பெரிய கூச்சல். தள்ளுவண்டிக்காரர்கள், டாக்சிக்காரர்கள், பெட்டியைப் பிடித்து இழுப்பவர்கள், எல்லோரும் வாயால்தான் கத்துவார்கள். அங்கே யாரும் கைகளைக் குவித்துத் தட்டுவதில்லை. பஸ்ஸின் படியருகே அந்தச் சத்தம் கேட்டால் அது நான்தான். நீ பதிலுக்குத் தட்டும்வரை தட்டிக்கொண்டே இருப்பேன். யார் சிரித்தாலும் சரி.

பிப்ரவரியிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். நாளைக் காலையும் நான் திரைக்கு முன்னால் இருப்பேன். ஏழாம் வரிசை சிவப்பாகும். அக்கா, இந்த முறை அதை ரத்து செய்யாதே.

உன்,
சிலே